தீ தொடாத பழம்

கல்யாணப் பந்தியில் பாயசமும் போளியும் முடிந்தபின் கடைசியாக ஒரு சின்னக் கிண்ணம் வரும். குளிர்ந்த மஞ்சள் கஸ்டர்ட், அதற்குள் வாழைப்பழத் துண்டு, ஆப்பிள், திராட்சை, மாதுளை முத்து, மேலே ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீம். ஃப்ரூட் சாலட் என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவு வருவது இதுதான். வீட்டில் செய்யவும் இதைவிட எளிய இனிப்பு அரிது. பாகுப் பதம் பார்க்க வேண்டாம், எண்ணெய்ச் சட்டி வேண்டாம், ஓவன் வேண்டாம். பால் காய்ச்சத் தெரிந்தால் போதும்.

ஆனாலும் இது அடிக்கடி காலை வாரிவிடும். காலையில் கெட்டியாக இருந்தது மதியத்துக்குள் நீர்த்துப்போகும். பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதக்கும். வாழைப்பழமும் ஆப்பிளும் கறுத்துவிடும். சில நாள் காரணமே தெரியாமல் நாக்கில் கசப்பு தட்டும். செய்தவர் தன் கைப்பக்குவத்தையே நொந்துகொள்வார். அப்படி நொந்துகொள்ளத் தேவையில்லை. இந்த நான்கு கோளாறுக்கும் பின்னால் தெளிவாக விளக்கக்கூடிய நான்கு மாற்றங்கள் இருக்கின்றன. நான்குக்கும் பொதுவான மூலம் ஒன்று உண்டு: இந்தச் சமையலில் பழம் தீயைப் பார்ப்பதே இல்லை.

சாம்பாரில் போட்ட கத்தரிக்காயின் நொதிகள் கொதியில் செயலிழந்துவிடும். சாலட்டில் போட்ட பழத்துக்கு அது நடப்பதில்லை. நறுக்கிய பிறகும் அதன் செல்கள் சுவாசிக்கின்றன, நொதிகள் வேலை செய்கின்றன, சாறு கசிகிறது. அந்த நிலையில் அதைப் பாலோடு சேர்க்கிறோம். தீயின் துணை இல்லாத இடத்தில் சமைப்பவர் கையில் மிஞ்சுவது மூன்றுதான்: குளிர், நேரம், வரிசை. எதை முதலில் சேர்ப்பது, எப்போது சேர்ப்பது, எந்தச் சூட்டில் சேர்ப்பது என்பதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது.

முட்டை இல்லாத கஸ்டர்ட்

ஐரோப்பாவின் பழைய கஸ்டர்ட் முட்டையின் மஞ்சள்கருவால் கெட்டிப்படுவது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவருக்காக 1837இல் பேர்ட் முட்டை சேராத கஸ்டர்ட் பொடியைச் செய்தார். முட்டையின் இடத்தைப் பிடித்தது சோள மாவு. ஈஸ்ட்டும் அந்த அம்மாவுக்கு ஆகாது என்பதால் சில ஆண்டுகள் கழித்து ஒரு பேக்கிங் பவுடரையும் அவர் உருவாக்கினார். ஒரு வீட்டின் ஒவ்வாமைக்குக் கண்ட தீர்வு உலகின் பல சமையலறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. முட்டை சேராததால் சைவ வீடுகளுக்கும் அது பொருந்தியது. இன்றும் கஸ்டர்ட் பவுடர் டப்பாவில் பெரும்பகுதி சோள மாவுதான். மீதி கொஞ்சம் மஞ்சள் நிறமும் வெனிலா வாசனையும்.

சோள மாவின் ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு அளவுள்ளது. அதற்குள் இரண்டு வகை மாவுச்சத்து மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏறக்குறைய கால் பங்கு அமைலோஸ், நேரான நீண்ட சங்கிலி. முக்கால் பங்கு அமைலோபெக்டின், கிளைவிட்ட பெரிய சங்கிலி. குளிர்ந்த பாலில் இந்தத் துகள் கரையாது, மிதந்துவிட்டு அடியில் படியும். கரைத்து வைத்த கிண்ணத்தை ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மேலே பால் தெளிந்திருக்கும், அடியில் மாவு இறுகியிருக்கும். கரண்டியை மெல்ல இறக்கினால் வழிவிடும். வேகமாகக் குத்தினால் கல்லாகத் தடுக்கும். அதனால்தான் கொதிக்கும் பாலில் ஊற்றுமுன் ஒருமுறை அடிவரை கலக்கிவிட வேண்டும்.

சூடு 62 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் துகள்கள் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கும். கொதிநிலையை நெருங்கும்போது அமைலோஸ் சங்கிலிகள் துகளிலிருந்து வெளியேறிப் பாலெங்கும் பரவும். உப்பிய துகள்களும் பரவிய சங்கிலிகளும் சேர்ந்து தண்ணீரை ஓடவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் நாம் கெட்டி என்று சொல்வது. உலர்ந்த பொடியை நேராகக் கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டியின் வெளிப்புறம் உடனே வெந்து பசையாகிவிடும், உள்ளே தண்ணீர் புகாது. அந்தக் கட்டியை அப்புறம் எவ்வளவு கிளறினாலும் முழுதாகக் கரையாது. ஆகவே முதலில் குளிர்ந்த பாலில் கரைக்க வேண்டும். கெட்டிப்பட்ட பின் ஒன்றிரண்டு நிமிடம் கொதித்தால் பச்சை மாவு வாடை போய்விடும். அதற்கு மேல் அடித்துக் கிளறினால் உப்பிய துகள்கள் உடைந்து கஸ்டர்ட் தளர்ந்துவிடும்.

இங்கே ஒரு சிறு சோதனை. ஆறிய கஸ்டர்டை இரண்டு கிண்ணத்தில் எடுங்கள். ஒன்றில் வாயில் வைத்துச் சப்பிய கரண்டியால் நன்றாகக் கலக்குங்கள், மற்றொன்றில் சுத்தமான கரண்டியால். கொஞ்ச நேரத்தில் முதல் கிண்ணம் நீர்த்து ஓடத் தொடங்கும். நம் உமிழ்நீரில் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்துச் சங்கிலிகளைச் சிறு சர்க்கரைகளாக வெட்டுவதே அதன் வேலை. கஸ்டர்ட் காரணமின்றித் தண்ணீராகிவிட்டது என்று வியக்கும் வீடுகளில் பல நேரம் காரணம் ருசி பார்த்த அதே கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போனதுதான். எச்சில் பண்ணாதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு இங்கே வேதியியலின் ஆதரவும் இருக்கிறது.

ஆறும் வரை பொறுத்தல்

அவசரத்தில் நடக்கும் பெரிய தவறு, வெதுவெதுப்பான கஸ்டர்டில் பழத்தைப் போடுவது. பாலின் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். கேசீன் மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியாத சிறு உருண்டைகளாகக் கூடிப் பாலில் மிதக்கின்றன. எல்லா உருண்டைக்கும் மேற்பரப்பில் எதிர்மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே நிற்கின்றன. பாலின் வெண்மைக்கு இவையும் ஒரு காரணம்.

அமிலம் சேரும்போது அந்த மின்சுமை குறைகிறது. பாலின் பிஎச் அளவு சாதாரணமாக 6.6க்கு அருகில். அது 4.6 வரை இறங்கினால் மின்சுமை சமநிலைக்கு வந்து உருண்டைகள் ஒட்டிக் கட்டியாகும். பால் தயிராவது இப்படித்தான். ஆனால் சூடான பால் அந்த எல்லை வரை காத்திருக்காது. அதைவிடக் குறைந்த அமிலத்திலேயே திரிந்துவிடும். கொதித்த பாலில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பனீர் எடுப்பவர்கள் நம்பியிருப்பது இந்தக் குணத்தைத்தான். பனீருக்கு அது வரம், ஃப்ரூட் சாலட்டுக்குக் கேடு.

அதனால் கஸ்டர்ட் முழுதாக ஆறி, ஃப்ரிட்ஜில் குளிர்ந்த பிறகே பழம் சேர வேண்டும். குளிர்ந்த கஸ்டர்டில் உருண்டைகளின் ஓட்டம் மெதுவாகிறது. மாவுச்சத்தின் கெட்டித்தன்மையும் அவை மோதிக்கொள்வதைத் தடுக்கிறது. வெறும் பாலில் திரிந்துவிடும் பழம் குளிர்ந்த கஸ்டர்டில் பெரும்பாலும் திரியாமல் தாக்குப்பிடிப்பது இதனால்தான். இதே வினையை வேண்டுமென்றே பயன்படுத்துவோரும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் புகழ்பெற்ற கீ லைம் பையில் கண்டென்ஸ்டு மில்க்கோடு எலுமிச்சைச் சாறு கலப்பார்கள். அமிலம் கேசீனைப் பிணைத்து அதைக் கெட்டியாக்கிவிடும்.

பழத் தேர்வுக்கும் இது வழிகாட்டும். சப்போட்டா, பப்பாளி, வாழை ஆகியவற்றில் அமிலம் குறைவு. ஆரஞ்சு, அன்னாசி, மாதுளை, புளிப்புத் திராட்சை ஆகியவற்றில் அதிகம். ஆனால் மாதுளை முத்தையும் திராட்சையையும் நாம் முழுதாகப் போடுகிறோம். தோல் கிழியாத வரை அமிலம் உள்ளேயே இருக்கும், பல்லில் கடிபடும்போதுதான் வெளியே வரும். பாலையும் புளிப்பையும் ஒரே வாயில் தந்தும் பாலைத் திரிய விடாத அருமையான ஏற்பாடு அது. திராட்சையை இரண்டாக வெட்டிப் போடுபவர்கள் அந்த ஏற்பாட்டை இழக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் கிண்ணம் மட்டும் விதிவிலக்கு. தொண்டையில் அடைக்காதிருக்க அவர்களுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டித்தான் தர வேண்டும்.

அன்னாசியின் கசப்பு

அன்னாசியின் குற்றம் அமிலத்தோடு நிற்பதில்லை. அதில் புரதத்தைத் துண்டாடும் நொதி ஒன்று இருக்கிறது. வெனிசுவேலாவின் வேதியியலர் விசென்தே மார்க்கானோ 1891இல் அன்னாசிப் பழத்திலிருந்து பிரித்தெடுத்த அந்த நொதியை இன்று புரோமலைன் என்கிறோம். அன்னாசி நிறையச் சாப்பிட்டால் நாக்கு எரிவதில் இதற்கும் பங்குண்டு.

பச்சை அன்னாசித் துண்டு கஸ்டர்டுக்குள் போனால் புரோமலைன் கேசீனைச் சிறு துண்டுகளாக வெட்டத் தொடங்கும். முழுப் புரதத்துக்கு நாக்கில் தனிச் சுவை இல்லை. ஆனால் அதன் துண்டுகளில் சிலவற்றுக்குக் கடும் கசப்பு உண்டு. கலந்தவுடன் சாப்பிட்டால் தெரியாது. ஓரிரு மணி நேரம் வைத்தால் கசக்கும். பால் கெட்டுப்போச்சு என்று பால்காரரைத் திட்டுவோம். அவர்மேல் பிழையில்லை. கிவியிலும் பப்பாளிக்காயின் பாலிலும் இதே குடும்பத்து நொதிகள் உண்டு. பப்பாளி நன்றாகப் பழுக்கப் பழுக்க அதன் பால் வற்றிவிடுவதால் பழுத்த பப்பாளி அவ்வளவு தொந்தரவு தராது. செங்காயைத் தவிர்க்க வேண்டும்.

நொதியும் ஒரு புரதமே. சூடு பட்டால் உருக்குலைந்து செயலிழக்கும். அன்னாசித் துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு நன்கு கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேர்த்தால் கசப்பு வராது. டின் அன்னாசி ஏற்கெனவே சூடுபடுத்தி அடைக்கப்பட்டது, அதனால் அதுவும் பாதுகாப்பானது. இந்த இனிப்பில் வழக்கமாகச் சேரும் பழங்களில் தீயைப் பார்க்க வேண்டியது அன்னாசி ஒன்றுதான் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சாலட்டோடு ஜெல்லி சேர்ப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கடை ஜெல்லியில் உள்ள ஜெலட்டின் விலங்குப் புரதம். பச்சை அன்னாசி பட்டால் அது இறுகவே இறுகாது. நோன்புக் காலத்தில் தமிழக முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசிக்கு அந்தப் பயமில்லை. அகர் என்ற அந்தப் பொருள் கடற்பாசியிலிருந்து எடுத்த சர்க்கரைச் சங்கிலி. அதில் புரோமலைனுக்கு வெட்டுவதற்கு எதுவும் இல்லை.

கறுக்கும் வெட்டுமுகம்

ஆப்பிளை வெட்டிய சில நிமிடங்களில் வெட்டுமுகம் பழுப்பாகிறது. பழச் செல்லுக்குள் ஃபீனால் என்ற சேர்மங்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. கத்தி பட்டதும் சுவர்கள் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன. காற்றிலிருந்து ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ள, பழுப்பு நிறமி உருவாகிறது. மழுங்கிய கத்தி அதிகச் செல்களை நசுக்குவதால் பழுப்பும் அதிகமாகும். நல்ல கூரான கத்தி இந்த இனிப்புக்கு ஒரு முக்கியச் சாமான்.

எலுமிச்சைச் சாறு இரண்டு வழியில் உதவுகிறது. அதன் அமிலம் நொதியைச் சோர்வடையச் செய்கிறது. அதன் வைட்டமின் சி, பழுப்பாகத் தொடங்கிய சேர்மங்களைப் பழைய நிலைக்குத் திருப்புகிறது. ஒரு கப் தண்ணீரில் ஒரு தேக்கரண்டிச் சாறு கலந்து அதில் ஆப்பிள் துண்டுகளை நனைத்து, வடித்து, ஈரம் ஒற்றி எடுத்தால் போதும். அதற்கு மேல் சாறு சேர்த்தால் முன்பு சொன்ன திரிதல் ஆபத்து வந்துவிடும். கஸ்டர்டே ஒரு கவசம் என்பதையும் மறக்க வேண்டாம். துண்டு முழுதும் கஸ்டர்டில் மூழ்கியிருந்தால் அதற்கு எட்டும் ஆக்சிஜன் குறைவு. மேலே தலை நீட்டும் துண்டுதான் முதலில் கறுக்கும். ஆகவே வாழைப்பழத்தைக் கடைசியில், பரிமாறுவதற்குச் சற்று முன் வெட்டி, நேராகக் கஸ்டர்டுக்குள் விட்டுவிட வேண்டும்.

இந்த நொதியின் மரபணுவையே அடக்கி வைத்த ஆர்க்டிக் என்ற ஆப்பிள் வகைக்கு அமெரிக்கா 2015இல் அனுமதி அளித்தது. வெட்டி வைத்தாலும் அது எளிதில் பழுப்பாவதில்லை. நமக்கு ஒரு மூடி எலுமிச்சை போதும்.

அடியில் ஊறும் தண்ணீர்

நான்கு கோளாறுகளில் முழுதாகத் தடுக்க முடியாதது இந்த ஒன்றே. ஆப்பிளிலும் ஆரஞ்சிலும் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், தர்பூசணியில் 90க்கும் மேல், வாழையில் ஏறத்தாழ 75. வெளியே உள்ள கஸ்டர்டில் சர்க்கரைச் செறிவு அதிகமாக இருந்தால் பழத்தின் செல்லிலிருந்து தண்ணீர் வெளியே நகரும். சவ்வூடுபரவல் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வைத்தால் ஜாடியில் நீர் விடுவதும் இதே வினை.

முற்றிலும் தடுக்க முடியாவிட்டாலும் தாமதப்படுத்தலாம். முதலாவது, பழத்தின் மேல் சர்க்கரை தூவக் கூடாது. இரண்டாவது, கஸ்டர்டில் சர்க்கரையைக் குறைத்து, நன்கு பழுத்த பழத்தின் இனிப்பை நம்ப வேண்டும். மூன்றாவது, துண்டின் அளவு. ஒரு சென்டிமீட்டர் கனசதுரங்களாக வெட்டிய பழத்தை இரண்டு சென்டிமீட்டராக வெட்டினால் அதே எடைக்கு வெட்டுமுகத்தின் பரப்பு பாதியாகிவிடும். தண்ணீர் கசியும் வாசலும் பாதி. நான்காவது, தர்பூசணியை இந்தக் கிண்ணத்துக்குள் விடாமல் தனியே சாப்பிடுவது நல்லது.

பழம் மட்டுமல்ல, கஸ்டர்டும் தன் பங்குக்கு நீர் விடும். ஆறிய பிறகு அமைலோஸ் சங்கிலிகள் மெல்ல மெல்ல மறுபடி நெருங்கி அடுக்காகத் தொடங்கும். அப்போது நடுவிலிருந்த தண்ணீர் வெளியே பிழியப்படும். உறைய வைத்து உருக்கினால் இது இன்னும் மோசமாகும். கஸ்டர்டை ஃப்ரீசரில் வைத்துப் பஞ்சுபோல் ஆக்கிக்கொள்ள வேண்டாம்.

இங்கே பழனி பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதமும் வாழைப்பழத்தால் ஆனதுதான். வாழைப்பழம், வெல்லச் சர்க்கரை, பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. அதில் இனிப்பின் செறிவு எவ்வளவு அதிகமென்றால் பழத்தின் நீரையெல்லாம் அது பிடித்துவைத்துக்கொள்கிறது. கிருமிகள் பெருகத் தேவையான தண்ணீர் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. அதனால் பாதுகாப்புப் பொருள் சேர்க்காமலே பல நாள் தாங்குகிறது. நம் கஸ்டர்ட் சாலட் நேர் எதிர். சர்க்கரை குறைவு, தண்ணீர் தாராளம். பழத்தைப் பழமாகவே கடித்துச் சாப்பிடும் இன்பத்துக்கு நாம் கொடுக்கும் விலை அதன் குறுகிய ஆயுள்.

குளிரும் நாக்கும்

ஆறாத கஸ்டர்டை ருசி பார்த்து இனிப்பு சரியாக இருக்கிறது என்று முடிவு செய்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் சப்பென்றிருக்கும். இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்ற அயனிக் கால்வாய் இருக்கிறது. 15 டிகிரியிலிருந்து 35 டிகிரி வரை சூடு ஏற ஏற அது அதிகமாக வேலை செய்கிறது என்று பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். குளிரில் அது மந்தமாகும். வாசனைப் பொருள்களும் குளிரில் குறைவாகவே ஆவியாகும். அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்து நிமிடம் கழித்துப் பரிமாறுங்கள். அதே சர்க்கரையில் கூடுதல் இனிப்பும் வாழைப்பழ மணமும் கிடைக்கும்.

பத்து நிமிடம் சரி, இரண்டு மணி நேரம் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் பால் கொதித்தாலும் சாகாது. கஸ்டர்ட் மெதுவாக ஆறினால் அவை முளைத்துவிடும். காய்ச்சிய கஸ்டர்டை அகலமான தட்டைப் பாத்திரத்தில் ஊற்றி, குளிர்ந்த நீரில் வைத்துக் கிளறி, சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குள் கொண்டுபோக வேண்டும். கிளறிக்கொண்டே ஆறவைத்தால் மேலே ஆடையும் படியாது. அறைச் சூடு 32 டிகிரியைத் தாண்டும் நாளில் வெளியே ஒரு மணி நேரமே எல்லை. நம் ஊர்க் கோடையில் பெரும்பாலான நாள்கள் அப்படித்தான். பந்தி நீளும் கல்யாண வீடுகளில் கஸ்டர்டையும் பழத்தையும் தனித்தனியே ஐஸில் வைத்து, வரிசை வரிசையாகக் கலந்து பரிமாறச் சொல்லுங்கள்.

வரிசை

இத்தனையையும் ஒரு செய்முறையாகச் சுருக்கினால் இப்படி வரும். 6 சதவீதக் கொழுப்புள்ள பால் அரை லிட்டர். அதில் கால் கப்பைக் குளிர்ச்சியாகவே எடுத்து வைத்து, இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடரைக் கரையுங்கள். மீதிப் பாலைக் கொதிக்கவிட்டு மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை சேர்த்து, கரைசலை அடிவரை கலக்கி ஊற்றுங்கள். கெட்டிப்பட்டு இரண்டு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். வேகமாக ஆறவைத்து, மூடி, ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். ருசி பார்க்க ஒவ்வொரு முறையும் புதுக் கரண்டி. பரிமாறும் நேரம் நெருங்கும்போது மாதுளை, முழுத் திராட்சை, எலுமிச்சை நீரில் நனைத்து ஒற்றிய ஆப்பிள், மாம்பழம், சப்போட்டா. அன்னாசி வேண்டுமானால் கொதித்து ஆறியது மட்டும். கடைசியில் வாழை. மெல்லப் புரட்டிக் கலந்தால் முடிந்தது.

இந்த வரிசையில் ஒன்றுகூடச் சடங்குக்காக வைத்ததில்லை. ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தவர் படியை மாற்றவும் துணியலாம், புதுப் பழத்தைச் சேர்த்துப் பார்க்கவும் துணியலாம். வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். உமிழ்நீர்ச் சோதனையையும், பச்சை அன்னாசி சேர்த்து வைத்த கஸ்டர்ட் கசக்கிறதா என்ற சோதனையையும் அவர்களே செய்து பார்க்கட்டும். மாவுச்சத்து, புரதம், நொதி, சவ்வூடுபரவல் என்று பாடப்புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்களாக இருப்பவை ஒரே கிண்ணத்தில் ஒன்றாக நடப்பதை அவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். கலந்த சாலட்டை மட்டும் நாளைக்கு என்று எடுத்து வைக்காமல் அன்றே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.